அதிகம் பேசப்படாத ஜப்பானிய, கொரிய கார்கள்: ஓட்டிய அனுபவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

நிஸ்ஸான் ஜி.டி.-ஆர், டொயோட்டா சுப்ரா, ஹோண்டா என்.எஸ்.எக்ஸ் பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் சொந்த நாட்டுக்குள்ளேயே விற்று, அங்கேயே ஓடி, வெளியே பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் போன கார்கள்தான் இங்கே விஷயம். முக்கால்வாசி 1990களைச் சேர்ந்தவை. ஜப்பானில் பணம் தாராளமாகப் புழங்கியபோது முடிவான திட்டங்கள் அப்போதுதான் சாலைக்கு வந்தன. கொரிய நிறுவனங்கள் சொந்தக் காலில் நிற்கப் பழகியதும் அதே காலத்தில்தான்.

இவையெல்லாம் ஓட்டக் கிடைத்தது எப்படி?

ஜப்பானில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை நாள் வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. மற்றவை நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் நம்பிச் சாவி கொடுத்தவை. கொரியாவில் முழுக்க இரண்டாவது வழிதான். உரிமையாளர் பக்கத்து இருக்கையில் இருக்கும்போது காரை அதன் எல்லைவரை விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது. ஆகவே டயர் கிறீச்சிடும் கதைகளை எதிர்பார்க்க வேண்டாம். நகரத்திலும் மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் சாதாரண வேகத்தில் ஓட்டியவனின் அபிப்பிராயம் இது, அவ்வளவுதான்.

660 சிசி எஞ்சினில் ஓட்டும் சுகம் எங்கிருந்து வரும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜப்பானில் கெய் என்று ஒரு சிறு கார் வகை இருக்கிறது. சட்டம் அதன் அளவைக் கட்டிப்போடுகிறது, பதிலுக்கு வரியைக் குறைக்கிறது. 1990-இல் எஞ்சின் வரம்பு 550 சிசியிலிருந்து 660 ஆனது. அப்போது நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர்தான், 1998-இல்தான் 3.4 மீட்டரும் 1.48 மீட்டரும் ஆனது. சக்தி 64 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது என்பது நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எல்லை.

இந்தச் சின்ன இடத்துக்குள் 1991, 1992 என்ற இரண்டே ஆண்டுகளில் மூன்று ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்தன: ஹோண்டா பீட், சுசுகி கப்புச்சீனோ, மஸ்தா தன் ஆட்டோசாம் பிராண்டில் விற்ற ஏ.இசட்-1. மூன்றிலும் சக்தி அதே 64. எடை 700 கிலோவிலிருந்து 760 கிலோவுக்குள். காகிதத்தில் பார்த்தால் உடன்பிறப்புகள். ஓட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லாதவை.

பீட்டில் டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி, கிடையாது. மூன்று சிலிண்டர் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, முழுச் சக்தி நிமிடத்துக்கு 8,100 சுற்றில்தான் வருகிறது. அதற்குக் கீழே, உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. 3,000-இல் மிதித்தால் எஞ்சின் சரி பார்க்கலாம் என்பதுபோல நிதானமாக எழும். 5,000 தாண்டியதும் குரல் மாறும். அதற்கப்புறம் கியரை மாற்ற மனம் வராது. ஜப்பானின் நிக்கோ நகரத்தில் இரோஹாசகா என்று 48 வளைவுகள் கொண்ட மலைப்பாதை இருக்கிறது. ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு வேறொன்று, இரண்டும் ஒருவழி. ஏறும் சாலையில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் இடையே மாறி மாறி, எஞ்சின் கத்தக் கத்த ஓட்டும்போது, பெரிய ஏதோ சாகசம் செய்வதுபோல இருக்கும். வேகமானியைப் பார்த்தால் போக்குவரத்துக் காவலர் சிரித்துவிட்டுப் போகும் வேகம். சக்தி மொத்தத்தையும் பொதுச்சாலையில் செலவழிக்க முடிகிறதே, அந்த சுகத்தை 400 குதிரைத்திறன் கார் தராது.

கப்புச்சீனோ வேறு வார்ப்பு. எஞ்சின் முன்னால், இயக்கம் பின்சக்கரங்களில். பானட் நீளம், நாம் கிட்டத்தட்ட பின்அச்சின்மேல் உட்கார்ந்திருக்கிறோம். டர்போ இருப்பதால் இழுவை பீட்டைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது, நகரத்தில் இதுதான் சுலபம். முன்பின் எடை ஏறக்குறைய சரிபாதி என்பதால் வளைவில் திருப்பும்போது மூக்கும் வாலும் ஒன்றாகவே நகர்கின்றன. கூரை மூன்று துண்டாகக் கழன்று டிக்கிக்குள் போய்விடும். போனபின் டிக்கியில் வேறு எதற்கும் இடமில்லை. வானம் வேண்டுமா பெட்டி வேண்டுமா என்று கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏ.இசட்-1? கதவுகள் இறக்கைபோல மேலே திறக்கும். எஞ்சின் சுசுகியுடையது, இருக்கைகளுக்குப் பின்னால். ஸ்டீயரிங் எவ்வளவு கூர்மை என்றால் நெடுஞ்சாலையில் தும்மினால் தடம் மாறிவிடும். கதவுக் கண்ணாடியில் ஒரு சின்னப் பகுதி மட்டுமே திறக்கிறது, சுங்கச்சாவடியில் சீட்டு வாங்கும் அளவுக்கு. வெயில் காலத்தில் மேலே கண்ணாடி, பின்னால் எஞ்சின், நடுவில் நீங்கள். ஐயாயிரத்துக்கும் குறைவாகவே தயாரித்தார்கள். இன்று அதன் விலை அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாது.

மூன்றில் உங்கள் தேர்வு?

பீட். யோசிக்கவே வேண்டாம்.

உயரமானவர்கள் இவற்றில் உட்கார முடியுமா?

ஆறடியைத் தாண்டியவர்கள் கப்புச்சீனோவில் கூரையைக் கழற்றினால் சமாளிக்கலாம். பீட்டில் தலை தப்பும், முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும். ஏ.இசட்-1-இல் உட்காருவது ஒரு கலை, எழுந்து வெளியே வருவது அதைவிடப் பெரிய கலை.

கெய் காரை நெடுஞ்சாலையில் ஓட்டலாமா?

ஓட்டலாம். வேகமானி 140 வரைதான் காட்டும், அது போதும். நூறில் எஞ்சின் எப்போதும் மேலேயே சுழன்றுகொண்டிருப்பதால் சத்தம் அலுப்பூட்டும். லாரி கடந்து போகும்போது காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓய்விடத்தில் இறங்கி நிற்கத் தோன்றும்.

பெரிய கார்களில் 280 குதிரைத்திறன் எல்லை என்கிறார்களே, ஓட்டும்போது அது தெரிகிறதா?

1989-லிருந்து 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு உள்நாட்டுக் கார்களில் 280-ஐத் தாண்டவில்லை, விளம்பரத்திலாவது. 2004-இல் ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைத்திறனோடு வந்ததும் அந்த ஒப்பந்தம் கலைந்தது. எல்லோருக்கும் எண் ஒன்றே என்றபோது போட்டி வேறு இடத்துக்கு நகர்ந்தது. சக்தி எவ்வளவு என்பதைவிட எப்படி வருகிறது என்பதுதான் காருக்குக் கார் வித்தியாசம்.

1996-இல் வந்த டொயோட்டா சேஸர் டூரர் வி நல்ல உதாரணம். வெளியே பார்த்தால் அலுவலகத்துக்குப் போகும் நான்கு கதவு செடான். உள்ளே 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ, விரும்பினால் ஐந்து கியர் மேனுவல். டர்போ விழிப்பதற்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை. கீழிருந்தே ஒரே இழுவையாக, மெழுகின்மேல் வழுக்குவதுபோல ஏறுகிறது. நிஸ்ஸான் ஸ்டேஜியா 260ஆர்.எஸ் இன்னும் வேடிக்கை: குடும்ப ஸ்டேஷன் வேகனுக்குள் ஜி.டி.-ஆரின் எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும். 1997-இல் விற்பனைக்கு வந்தது. கிளட்ச் கனமானது, நெரிசலில் இடது கால் புகார் சொல்லும். பின்இருக்கையை மடக்கினால் சைக்கிள் ஏற்றலாம். எந்தக் கூட்டத்தில் யார் இதற்கு ஒப்புதல் கொடுத்தார்களோ, அவர்களுக்கு ஒரு வணக்கம்.

டொயோட்டா செஞ்சுரி பின்னால் உட்காருபவருக்கான கார். ஓட்டுபவருக்கு அதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, எனக்கே ஆச்சரியம். முதல் செஞ்சுரி 1967-இல் வந்தது, டொயோட்டா குழுமத்தின் மூலவரான சாகிச்சி டொயோடா பிறந்து நூறு ஆண்டு ஆனதையொட்டி. நான் ஓட்டியது 1997-இல் வந்த இரண்டாம் தலைமுறை: ஐந்து லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர். ஆறு ஆறாக இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. ஒரு பக்கம் கைவிட்டாலும் மறுபக்கத்தை வைத்து ஊர்ந்து போய்விடலாம். பின்னால் இருப்பவர் நடுவழியில் நிற்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

நின்றிருக்கும்போது எஞ்சின் ஓடுவது கைக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது. ஆக்ஸிலரேட்டரின் பயணம் நீளம், முதல் பாதியில் கார் அவசரமே படாது. பிரேக்கும் அப்படித்தான். அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் கார் எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நிற்கிறது. தலை ஆடாமல் நிறுத்துவது ஓட்டுநர் தொழிலின் முதல் பாடம். இந்தக் கார் அதைப் பாதி தானே செய்துவிடுகிறது. இதை முரட்டுத்தனமாக ஓட்ட வேண்டுமானால் தனி முயற்சி எடுக்க வேண்டும். ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம் இருந்தும் பானட்டின் ஓரங்கள் இருக்கையிலிருந்து நன்றாகத் தெரிவதால் குறுகிய தெருவில் பயமில்லை.

இருக்கைகள் கம்பளித் துணி. தோலும் கிடைக்கும், ஆனால் தோல் நெளியும்போது சத்தம் போடும் என்பதால் துணியை விரும்புகிறவர்கள் அதிகம். முன்பக்கப் பயணி இருக்கையின் முதுகில் ஒரு பகுதி திறக்கும், பின்னாலிருப்பவர் கால் நீட்டிக்கொள்ளலாம். ஓட்டுபவர் அங்கே பார்க்காமல் இருப்பது மரியாதை.

அழகுக்காக மட்டும் வாங்கப்படும் கார்கள்?

நிஸ்ஸான் ஃபிகரோ. 1991-இல் வந்தது, 20,000 மட்டும். வாங்க வந்தவர்கள் அதிகமானதால் குலுக்கல் போட்டு விற்றார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் புன்னகைக்கிறார்கள், அது நிஜம். ஆனால் அடியில் இருப்பது நிஸ்ஸானின் சாதாரணச் சிறு காரான மார்ச், அதுவும் முதல் தலைமுறை. ஒரு லிட்டர் டர்போ, மூன்றே கியர் ஆட்டோமேட்டிக். ஏற்றத்தில் கியர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் ஏற்றம் முடிந்துவிடும். கடற்கரைச் சாலையில் நாற்பதில் போவதற்கு இதைவிட நல்ல கார் இல்லை. எண்பதில் போவதற்கு இதைத் தவிர எதுவும் சரி.

டொயோட்டா செரா அப்படியில்லை. 1990 முதல் 1995 வரை விற்ற சின்ன கூப்பே, அதாவது இரண்டு கதவுக் கார். கதவுகள் வண்ணத்துப்பூச்சிபோல மேலே விரியும், கதவோடு கூரைக் கண்ணாடியும் எழும்பும். மெக்லாரன் எஃப்1-இன் கதவுக்கு யோசனை கொடுத்தது இந்தக் கார்தான் என்று மெக்லாரனை வடிவமைத்த கார்டன் மர்ரே சொல்லியிருக்கிறார். 1.5 லிட்டர் எஞ்சின், முன்சக்கர இயக்கம், எந்தப் பந்தாவும் இல்லாமல் நன்றாகவே ஓடுகிறது. தலைக்குமேல் அத்தனை கண்ணாடி இருப்பதால் ஏ.சி.தான் பாவம்.

இந்த வரிசையில் சுபாரு எஸ்.வி.எக்ஸையும் சேர்க்கலாம். வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜூஜாரோ. கதவுக் கண்ணாடிக்குள் இன்னொரு சின்னக் கண்ணாடி, அது மட்டும்தான் இறங்கும். 3.3 லிட்டர் கிடைமட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் பட்டுபோல. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும் ஒரு தலைமுறை பின்தங்கியது. மழையில் நீண்ட தூரம் போக வேண்டுமென்றால் நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன்.

கொரிய கார்களில் ஓட்டி ரசிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் சிலர் கிண்டலாகவே கேட்கிறார்கள். பதில் கிண்டலாக இருக்காது.

1990களின் கொரிய கார்களில் எலும்புக்கூடு பெரும்பாலும் இன்னொருவருடையது. கியா பிரைடு மஸ்தாவின் வடிவமைப்பு. ஹூண்டாய் கேலப்பர், மிட்சுபிஷி பஜேரோவின் முதல் தலைமுறை. சாம்சங் எஸ்.எம்.5 நிஸ்ஸான் செஃபிரோ. சாங்யோங் சேர்மனுக்கு மெர்சிடிஸின் டபிள்யூ124 என்ற காரின் தளம். இரவல் நகை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தால், எங்கே இரவல் முடிகிறது, எங்கே சொந்தக் கை தொடங்குகிறது என்பது தெரியும். எனக்கு அந்த இடத்தைத் தேடுவதுதான் சுவாரசியம்.

1997-இல் வந்த சேர்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் மெர்சிடிஸ் எஞ்சின், ஸ்டீயரிங் நடுவில் சற்றுச் சோம்பல், ஆனால் நெடுஞ்சாலையில் தண்டவாளத்தில் போவதுபோன்ற நேர்கோடு. அதெல்லாம் ஜெர்மானியத்தனம். மேலே போர்த்திய உடலும் உள்ளே இருக்கும் மெத்தென்ற இருக்கைகளும் சியோல் முதலாளிகளுக்காகச் செய்தவை. சஸ்பென்ஷன் மூலத்தைவிட இளக்கமானது. வேகத்தடையில் அருமை, சொராக்சான் மலையின் ஹங்யெர்யோங் கணவாயில் வளைவுக்கு வளைவு படகாட்டம்.

அதே நிறுவனத்தின் முஸ்ஸோ 1993-இல் வந்தது. வடிவமைத்தவர் பிரிட்டன்காரரான கென் கிரீன்லி, எஞ்சின் மெர்சிடிஸின் 2.9 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல். அவசரப்பட்டால் ஏமாற்றம்தான். பனி படர்ந்த மலைச்சாலையில் இரண்டாவது கியரில் விட்டுவிட்டால் டிராக்டர் மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

கியா எலான் என்பது லோட்டஸ் எலான்தானே?

ஆமாம், முக்கால்வாசி. லோட்டஸ் 1989-இல் வெளியிட்ட முன்சக்கர இயக்க எலானின் தயாரிப்பு உரிமையைக் கியா வாங்கி, 1996 முதல் 1999 வரை கொரியாவில் செய்தது. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம்தான். பிரிட்டனில் அதற்குள் இருந்தது இசுசுவின் 1.6 எஞ்சின், பெரும்பாலும் டர்போவோடு; கியா தன் சொந்த 1.8 எஞ்சினை டர்போ இல்லாமல் வைத்தது. சக்தி குறைந்தது, குணம் மென்மையானது.

முன்சக்கர இயக்கக் கார்களில் ஸ்டீயரிங் வழியே இவ்வளவு தகவல் வரும் என்று ஓட்டும்வரை நம்பவில்லை. ஈரச் சாலையில் எந்த டயர் பிடியை இழக்கப்போகிறது என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறது. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் பதறுவதில்லை. உள்ளலங்காரம் மட்டும் சுமார். பொத்தான்கள் எல்லாம் மலிவான குடும்பக் காரிலிருந்து எடுத்தவை. இழுவைக்காக யாரும் இதை வாங்கமாட்டார்கள், வளைவுக்காக வாங்கலாம். கொரிய கார்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப ஓட்டத் தோன்றுவது எனக்கு இதுதான்.

ஹூண்டாய் ஈக்வஸ், மிட்சுபிஷி டிக்னிட்டி இரண்டும் ஒன்றா?

இரண்டு நிறுவனமும் சேர்ந்து செய்த கார். 4.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின், முன்சக்கர இயக்கம் என்ற விநோதக் கலவை. ஜப்பானில் வாங்க ஆளில்லாமல் 2001-லேயே நிறுத்திவிட்டார்கள். கொரியாவில் 1999-லிருந்து 2009 வரை ஈக்வஸாக மரியாதையோடு ஓடியது. ஓட்டும்போது மூக்குக் கனம் கைக்குத் தெரிகிறது. நேர்சாலையில் அமைதி, திருப்பத்தில் தயக்கம்.

கொரிய நிறுவனங்களின் சொந்தக் கை எந்தக் காரில் முதலில் தெரிகிறது?

1975-இல் வந்த ஹூண்டாய் போனி என்று சொல்வார்கள். ஆனால் அதை வரைந்தவரும் ஜூஜாரோதான், எஞ்சின் மிட்சுபிஷி. என் பதில் ஹூண்டாய் ஸ்கூப். 1991-இல் அதற்குள் வைத்த 1.5 லிட்டர் ஆல்ஃபா எஞ்சின்தான் கொரியாவில் சொந்தமாக உருவான முதல் கார் எஞ்சின். ஓட்டினால் சாதாரணம், கொஞ்சம் கரகரப்புகூட. வரலாறு தெரியாதவர் ஒரு சுற்றுப் போய்விட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கியா ரே கெய் காரின் நகலா?

தோற்றத்தில் அப்படித்தான், உயரமான பெட்டி. கொரியாவிலும் ஒரு சிறுகார் வகை இருக்கிறது: 1,000 சிசி, 3.6 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். நெடுஞ்சாலைச் சுங்கத்தில் பாதி தள்ளுபடி. 2011-இல் வந்த ரேயில் பயணி பக்கம் மட்டும் பின்கதவு சறுக்கித் திறக்கும், நடுத்தூண் இல்லை. ஓட்டுநர் பக்கம் சாதாரணக் கதவு. அந்த 12 சென்டிமீட்டர் கூடுதல் அகலமும் 340 சிசி கூடுதல் எஞ்சினும் நெடுஞ்சாலையில் நன்றாகவே தெரிகின்றன, காற்றுக்கு அவ்வளவாக அலைவதில்லை. ஏற்றத்தில் ஆள் நிறைய இருந்தால் மூச்சு வாங்கும். எனக்குப் பிடித்த நகர வண்டிகளில் ஒன்று.

நாடு மாறி ஓட்டும்போது குழப்பம் வராதா?

ஜப்பானில் ஸ்டீயரிங் வலப்பக்கம், இண்டிகேட்டர் லிவரும் வலது கையில். கொரியாவில் இரண்டும் இடம் மாறும். திரும்பும்போது வைப்பர் ஓடினால் வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் நடப்பதுதான். 1986-க்கு முந்தைய ஜப்பானிய கார் என்றால் நூறைத் தாண்டியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து மணி அடிக்கலாம். அது பழுது இல்லை, அக்காலச் சட்டம்.

வாங்கினால் பராமரிக்க முடியுமா?

எஞ்சின் பாகங்கள் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் பல எஞ்சின்கள் வேறு கார்களிலும் ஓடியவை. கண்ணாடி, கதவு ரப்பர், பின்விளக்கு, டாஷ்போர்டு பிளாஸ்டிக் இவைதான் தலைவலி. செராவின் கதவுக் கண்ணாடி உடைந்தால் இன்னொரு செராவைத் தேட வேண்டும். கூரை கழலும் கார் எதுவானாலும் வாங்கும் முன் தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் பாருங்கள். அக்கால ஜப்பானிய எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-ஐ ஒட்டி முடிந்ததால் பழைய ரேடியோ மற்ற நாடுகளில் பாதிக்கு மேல் ஊமை.

இன்னும் ஓட்டாமல் ஆசைப்பட்டுக்கொண்டிருப்பது எது?

யூனோஸ் காஸ்மோ. 1990-இல் மஸ்தா விட்ட பெரிய கூப்பே. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டர்கள் மூன்று கொண்ட எஞ்சின், இரண்டு டர்போ, அந்தக் காலத்திலேயே செயற்கைக்கோள் வழிகாட்டி. ஓட்டக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடமும் எரிபொருள் கணக்கைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பெட்ரோல் என் செலவு என்று ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குளிர்காலம் முடியட்டும் என்றிருக்கிறார்.